மஞ்சள் ஒயரில் வராத படம்

"செத்துப்போன கேமராவ எதுக்குப் புள்ள தூக்கிட்டு வந்தே?" என்று கோயில் மந்தையில் எல்லார் முன்னாலும் கேட்டான் என் அண்ணன். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருடைய கல்யாணத்தை அந்தக் கேமராவில் பிடித்தவள் நான்தான். தாலி கட்டும்போது கை நடுங்கியவன் யார், பந்தியில் இரண்டாவது தடவை உட்கார்ந்தவன் யார் என்று எல்லாம் எனக்குத் தெரியும். சிரித்துத் தொலையட்டும் என்று டிவிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சொருகினேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தால் வருகிற இருபது வீடு. நான் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்தவள். எங்கள் மலையில் அது தலைகுனிகிற சமாச்சாரம் இல்லை. ஏன் வந்தாய் என்று என் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடைக்கு மேலே இருக்கிற அரை ஏக்கர் மிளகுக்காட்டை எனக்கென்று கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேலாக அதில்தான் என் சோறு. சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் கொடியை ஏற்றிக் கட்டியது இந்தக் கை. போன தை மாதம், காய் பழுக்கிற நேரம் பார்த்து, அண்ணன் ஆள் வைத்து அந்தக் காட்டைச் சுற்றி முள்கம்பி இழுத்துவிட்டான்.

கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் அங்கே காட்டேஜ் கட்டக் கேட்டாராம். ஓடைச் சத்தம் கேட்கிற இடம் அவருக்கு வேண்டுமாம். எனக்கும் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

போய்ச் சண்டை போட்டேன். அண்ணன் நிதானமாகச் சொன்னான்: "அப்பன் உனக்குக் குடுத்தது மிளகு. மண்ணக் குடுக்கல."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் நிலம் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. விளைச்சலை மட்டும் அனுபவிக்கக் கொடுத்தால், அந்த விளைச்சலில் ஒரு கையளவு எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து ஊரார் முன்னால் கொடுப்பார்கள். நிலத்தையே கொடுத்தால் அந்த நிலத்து மண்ணில் ஒரு பிடியை இலையில் வைத்துக் கொடுப்பார்கள். பத்திரமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இலையில் என்ன இருந்தது என்பதுதான் எல்லாம்.

எனக்கு அப்பா இலை கொடுத்தது அண்ணன் மகளின் காதுகுத்து அன்றைக்கு. அன்றைக்கு அங்கே இருந்த பெரியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களின் வீட்டுக்கெல்லாம் நடையாய் நடந்தேன். "எலையில ஏதோ கருப்பா இருந்துச்சு சாமி. மிளகா மண்ணான்னு யாரு கிட்டப் போயிப் பாத்தா?" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காய்ந்த மிளகு கருப்பு. எங்கள் ஓடைக்கரை மண்ணும் கருப்பு. கையில் வாங்கிய எனக்குத் தெரியும் அது மண்தான் என்று, ஆனால் என் ஒருத்தி பேச்சு எடுபடுமா?

ஆனால் அந்தக் காதுகுத்தைப் பிடித்த கேசட் என்னிடம் இருந்தது. பிடித்தவளே நான்தானே. உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கேசட், அதைப் போடுகிற பழைய கேமரா. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று மலை முழுக்க அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். பொம்பளை என்ன படம் பிடிக்கிறது என்று கேட்டவர்கள் பிறகு என் தேதிக்காகக் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு செல்போன் வந்ததும் என்னைக் கூப்பிடுவது நின்றது. ஊருக்கெல்லாம் சிடி போட்டுக் கொடுத்தவள், எங்கள் வீட்டுக் கேசட்டை மட்டும் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை. காதுகுத்து நடந்த அதே வருடம் ஐப்பசி மழையில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு பயம் மட்டும் எனக்குள் கிடந்து அரித்தது. அப்பா இலையோடு என்னைக் கூப்பிட்டபோது நான் கேமராவைப் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு ஓடினேன். நிறுத்தினேனா, ஓடவிட்டேனா? ஞாபகம் இல்லை. ஓடியிருந்தாலும் அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்ததோ! சுவரைப் பார்த்து வைத்திருந்தால் கேசட்டில் சுவர்தான் இருக்கும். இதை நான் ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஊர்ப் பெரியவரிடம் போனேன். முறைக்கு எனக்கு மாமா. கூட்டம் போட்டார். அண்ணன் அங்கே முதலிலேயே ஒரு முட்டுக்கட்டை போட்டான்.

"செல்லுல காட்டுனா நான் ஒத்துக்க மாட்டேன். கம்ப்யூட்டர்ல இப்ப எதையும் மாத்திப்போடறாங்க. செத்தவனப் பேச வெக்கறாங்க. அந்தக் கேசட்ட, அந்தக் கேமராவுலயே போட்டு, இந்த மந்தையில காட்டட்டும்."

"காட்டறேன்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

கேமராவோடு ஒட்டியிருக்கிற சின்னத் திரை வெள்ளையாகிப் பல வருடம் ஆயிற்று. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டையும் இருட்டு. அதனால் டிவியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். புது டிவிகளின் பின்னால் இந்த ஒயரைச் சொருகுகிற மூன்று கலர் ஓட்டை இருப்பதில்லை. அரசாங்கம் கொடுத்த பழைய பெட்டி டிவி ஒன்று என் வீட்டில் குச்சிக்கிழங்கு மூட்டைக்கு அடிக்கட்டையாக இருந்தது. அதைத் துடைத்தெடுத்தேன். ஒயர்தான் இல்லை. கேமராவோடு வந்த ஒயரை நானே ஒரு காற்று மழையில் மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டப் பயன்படுத்தியிருந்தேன். அது மரத்திலேயே இற்றுப்போய்விட்டது. என்னை நானே திட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் கிடந்த டிவிடி பிளேயரின் ஒயரை வாங்கி வந்தேன். ஒரு முனையில் ஒற்றைப் பின், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. பார்த்தால் அச்சு அசல் அதேதான்.

முதலில் சொன்னேனே, அண்ணன் கேலி செய்த அந்த நாள், மந்தையில் ஒன்றும் வரவில்லை. படமும் இல்லை, சத்தமும் இல்லை. கேமராவுக்குள் கேசட் சுற்றுவது மட்டும் கேட்டது. பின்னை அழுத்திப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், டிவியின் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். சிரிப்பு அதிகமானது.

"போதும் கண்ணு, விடு," என்றார் மாமா.

"விட மாட்டேனுங்க மாமா. எனக்கு ஒரு வாரம் குடுங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வர்ற திங்கக்கெழம. அன்னிக்குப் படம் வரலீன்னா உங்கண்ணன் சொல்றதுதான் பேச்சு. அதுக்கப்பறம் நீ இந்தப் பேச்ச எடுக்கப்படாது."

சரியென்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேந்தமங்கலம் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு முழுக்கக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, கேசட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு. எனக்கு அந்தக் காலத்தில் கேசட் கொடுத்த பாய் இன்னும் கடை வைத்திருந்தார். இப்போது மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த மிக்சி ஜாரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அக்கா, இது இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

"உசுரோடதான் இருக்குது. வாயத் தெறக்க மாட்டேங்குது."

கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயர் சொருகுகிற ஓட்டையில் டார்ச் அடித்தார். அவர் முகம் கோணியது. ஒரு ஊசியை எடுத்து உள்ளே விட்டு எதையோ நெம்பி எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டார். ஒரு சாமை மணி.

"என்னங்க இது? கேமராவுல வெதப்பு போட்டிருக்கீங்க!"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மலையில் மழைக்காலத்தில் எதை வைத்தாலும் பூசணம் பூத்துவிடும். அதனால் துணிப்பையில் சுற்றிச் சாமை டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தேன். சாமை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எலியும் மூடியைத் திறக்காது. கேமராவுக்கு ஒரு சின்னப் பூசணம்கூட வரவில்லை. பையில் ஓட்டை இருந்ததை மட்டும் நான் பார்க்கவில்லை. அந்த ஒற்றை மணி உள்ளே உட்கார்ந்துகொண்டு பின்னை முழுசாக இறங்கவிடாமல் செய்திருக்கிறது. ஊர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தியது ஒரு சாமை மணி! கோபத்தில் அதை வாயில் போட்டு மென்றேன்.

இப்போது பின் டக்கென்று இறங்கியது. பாய் தன் கடை டிவியில் மாட்டினார். திரை கருப்புதான், ஆனால் நடுநடுவே ஒரு மினுக்கல். ஸ்பீக்கரில் 'கொர்ர்ர்' என்று காது கிழிகிற இரைச்சல். அதற்கு அடியில் யாரோ பேசுவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஒயரை மாற்றிப் போட்டார். அவரிடம் இருந்ததும் டிவிடி ஒயர்தான். அதே இரைச்சல். கேமராவின் மெனுவில் போய் எதையெதையோ மாற்றினார். அதே இரைச்சல். கடைசியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"படம் அனுப்பற ஐசி போயிருச்சுங்க அக்கா. இதுக்கு இனி பார்ட்ஸ் கெடைக்காது. கேசட்ட மட்டும் குடுங்க, சேலத்துல ஒருத்தர் இருக்காரு, பென்டிரைவ்ல போட்டுத் தருவாரு. ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் எனக்கு இல்லீங்க பாய். பென்டிரைவ எங்கண்ணன் ஒத்துக்கவும் மாட்டான்."

"அப்ப தூக்கிப் போட்டுருங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"தூக்கிப் போடறதுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனுசன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மேலே ஏற ஏற மூடுபனி. வீட்டுக்கு வந்து கேமராவில் கேசட்டைப் போட்டால் பீப் பீப் என்று கத்திக்கொண்டு வெளியே தள்ளியது. உள்ளே ஈரம் கோத்திருந்தது. இது எனக்குப் பழக்கப்பட்ட ரகளை. பனிக்காலத்து முகூர்த்தங்களில் எத்தனையோ தடவை இதை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன், பொண்ணு மாப்பிள்ளை காத்திருக்க. அன்றைக்கும் அடுப்பங்கரைச் சுவரோரம் வைத்தேன். பாய் சொன்னதையே நினைத்துக்கொண்டு களிக்குத் தண்ணீர் வைத்தேன். ஐசி போயிருச்சாம். அவர் சொன்னால் போய்விடுமா?

அடுத்த மூன்று நாளும் வேலை வெட்டியை விட்டு அதோடுதான் மல்லுக்கட்டினேன். ஓட்டையைத் துணித்திரி விட்டுத் துடைத்தேன். பின்னை உப்புத்தாளில் தேய்த்தேன். ஒயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தேன். எதைச் செய்தாலும் கருப்புத் திரை, கொர்ர்ர். பழைய கேசட் என்பதால் முழுசாக ஓட்டவும் பயம். எங்கேயாவது சிக்கி நாடா அறுந்துவிட்டால் என் காடும் அதோடு அறுந்தது. ஆகவே ஆரம்பத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுவேன், திரும்பச் சுற்றுவேன், மறுபடி ஓட்டுவேன். அப்படி எத்தனை தடவை அந்த இரைச்சலைக் கேட்டேனோ, எனக்கே தெரியாது.

நாலாம் நாள் மத்தியானம். அதே ஒரு நிமிடம். இரைச்சல் முதலில் அடங்கிய குரலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் திடீரென்று ஏறியது. திரும்பச் சுற்றி ஓட்டினேன். அதே இடத்தில் ஏறியது. மறுபடியும் அதே இடம். டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். எந்தக் கேசட்டையும் நான் லென்ஸ் மூடியோடுதான் ஆரம்பிப்பேன். கேசட்டின் தலைப்பகுதிதான் சீக்கிரம் நசுங்கும், அதனால் அங்கே ஒன்றும் பிடிக்காமல் கொஞ்ச நேரம் இருட்டை ஓடவிட்டு அப்புறம் மூடியைக் கழற்றுவேன். இரைச்சல் ஏறுகிற இடம் நான் மூடியைக் கழற்றிய இடம். இருட்டுக்கு ஒரு இரைச்சல், வெளிச்சத்துக்கு ஒரு இரைச்சல். அப்படியென்றால் அது வெறும் இரைச்சல் இல்லை. அதுதான் படம். கண்ணுக்குப் போக வேண்டியது காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேமராவும் சாகவில்லை, ஐசியும் போகவில்லை. படம் கேமராவை விட்டு ஒழுங்காக வெளியே வந்து, மஞ்சள் ஒயரில் வராமல் வேறு ஒயரில் வருகிறது. கேமரா ஒயரும் டிவிடி ஒயரும் பார்க்கத்தான் ஒன்று. உள்ளே கம்பி போகிற வரிசை வேறு.

முதலில் சிவப்பைப் பிடுங்கினேன். இரைச்சல் பட்டென்று நின்றது. வெள்ளை ஒயர் வழியாக, "கொழந்தைத் தலையப் புடிங்க, ஆட்டப்படாது," என்று காது குத்த வந்த ஆசாரியின் குரல் தெளிவாகக் கேட்டது. மஞ்சளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மஞ்சள் ஓட்டையில் சிவப்பைச் சொருகினேன்.

அடி சக்கை! மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அண்ணன் மகள் வீறிட்டு அழுதாள், கலரில்.

நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. வாசலில் மேய்ந்த கோழிகள் பறந்து ஓடின. உடனே பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஐசி போகல. உங்க காதுதான் போச்சு."

விவரத்தைச் சொன்னேன். "சிவப்ப மஞ்சள்ல போட்டீங்களா! எனக்குத் தோணலையே அக்கா. இனி கேமரான்னு எவன் வந்தாலும் மலைக்கு அனுப்பிவிடறேன்," என்றார்.

போனை வைத்த பிறகு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி ஓட்டினால் தெரிந்துவிடும். சுவரா, இலையா? விரல் பொத்தான்மேல் இருந்தது. ஓட்டவில்லை. நாடா தாங்குமோ தாங்காதோ என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெறும் பயம். அதில் சுவர் இருந்து, அது தெரிந்து நான் மந்தைக்குப் போனால், என் முகமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். தெரியாமல் போனால் தலை நிமிர்ந்து போகலாம். அது முட்டாள்தனம் என்றால் இருக்கட்டும். நான் அப்படித்தான்.

திங்கட்கிழமை மந்தையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். அண்ணன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மகள், காது குத்திக்கொண்ட அதே பிள்ளை, கல்யாணமாகிக் கீழே ராசிபுரத்தில் இருக்கிறாள். அவள் வரவில்லை. நான் சிவப்பை மஞ்சள் ஓட்டையில் சொருகுவதைப் பார்த்துவிட்டு அண்ணன் சத்தமாகச் சொன்னான்: "பாருங்க, ஒயரையே தப்பாச் சொருகறா. இவ காட்டற படத்த நாம பாக்கோணுமாம்."

"உன்ற சோலியப் பாத்துட்டு உக்காரு," என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

படம் வந்தது. மொட்டைத் தலை அழுகிறது. கரும்மீசையோடு அண்ணன் மடியில் அவளை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அண்ணி சின்னப் பெண்ணாக நிற்கிறாள். "அய்யோ, எங்கம்மா!" என்றது ஒரு குரல். இறந்துபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து வெற்றிலை போட்டார்கள், சாப்பிடக் கூப்பிட்டார்கள். முந்தின வாரம் சிரித்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் நாடா ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்பா வந்தார். தோளில் துண்டு. கையில் வாழையிலை. ஆனால் தூரத்தில் நின்றார். இலையில் கருப்பாக ஏதோ, அவ்வளவுதான் தெரிந்தது. நேராகக் கேமராவைப் பார்த்து, "கண்ணு, அந்தப் பொட்டிய வெச்சுட்டு இங்க வா," என்றார்.

படம் ஆடியது, சாய்ந்தது, நின்றது. ஒரு ஆட்டின் வயிறு. அரிசி மூட்டையின் ஓரம். நாலைந்து ஜோடிக் கால்கள். அவற்றினூடே ஒரு பச்சைப் புடவை ஓடியது, அது நான்.

"பாத்தீங்களா?" அண்ணன் எழுந்தான். "காலும் ஆடுந்தான் தெரியுது. இதுக்குத்தான் இத்தன கூத்து!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் நிறுத்தவில்லை. "படம் இன்னும் முடியல," என்றேன்.

"சித்தெ பொறு, உக்காரு," என்றார் மாமா அவனிடம்.

ஆடு நகர்ந்தது. கால்கள் நகர்ந்தன. பிறகு படம் தடதடவென்று குலுங்கி எழுந்தது. யாரோ கேமராவைத் தூக்கியிருக்கிறார்கள். வானம் தெரிந்தது, பந்தல் தெரிந்தது, அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படம் முன்னால் போனது. கேமரா பிடிக்கத் தெரியாத கை. நேராக இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. கருப்பு மண். ஈர மண். அதில் ஒரு புல்வேர் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மண்புழு நெளிந்து இலையின் ஓரத்துக்கு ஊர்ந்தது.

"மண்ணுதான்," என்றது மந்தையில் ஒரு குரல். "மண்ணுதானுங்க மாமா, புழுவப் பாருங்க."

திரையில் அப்பா நிமிர்ந்து, கேமராவைத் தூக்கியவனைப் பார்த்தார். "நல்லாப் புடிச்சுக்கடா. நாளைக்கு எவனாச்சும் வந்து இல்லைன்னு சொல்லப்படாது."

கேமராவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த குரல், மந்தை முழுக்கக் கேட்டது.

"எவன் சொல்லுவான்? நான் இருக்கறேனில்லப்பா."

அது அண்ணனுடைய குரல்.

டிவியில் நான் இரண்டு கையையும் ஏந்தி மண்ணை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார்கள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கையிலிருந்த இலையைத் தவிர அன்றைக்கு நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அவனும் நிஜமாகவே மறந்திருந்தானா, நான் மறந்திருப்பேன் என்று நினைத்தானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த அண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாமா ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணனும் எழுந்து என் பக்கம் வந்தான்.

"கம்பிய நானே பிரிச்சு உட்டர்றேன் கண்ணு," என்றான். இருபது வருடத்தில் அவன் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"நீ தொடாத," என்றேன். "அது எங்காடு."

டிவியை அங்கேயே விட்டுவிட்டு, கேமராவை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டில் கட்டிங் பிளேயர் இருந்தது. வெயில் உச்சியில் நின்றபோது முதல் கம்பியை வெட்டினேன். கையில் இரண்டு இடத்தில் முள் கிழித்தது. கீழே பாதையில் அண்ணன் வந்து நின்றுகொண்டு நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டால் மேலே ஏறி வந்திருப்பான். கடைசிக் கம்பி வரைக்கும் நான் கூப்பிடவில்லை.